மலை இறக்கத்தில் ஆட்டோ கியர் பிக்கப் தானாகக் கியரைக் குறைப்பது பழுதா?

தேக்கா_சரக்கு:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் உள்ள ஒரு காய்கறிக் கடைக்குச் சரக்கு எடுத்து வரும் வேலை என்னுடையது. விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி வருவதற்குக் கடையில் ஒரு டீசல் பிக்கப் இருக்கிறது. என்னிடம் இருப்பது வகுப்பு 3ஏ உரிமம் என்பதால் ஆட்டோ கியர் வண்டியைத்தான் முதலாளி வாங்கிக் கொடுத்தார்.

சவுத் புவன விஸ்தா சாலையில் கெண்ட் ரிட்ஜ் முகட்டைத் தாண்டிச் சந்தைப் பக்கம் இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பிரேக்கை மெல்லத் தொட்டால் போதும், கியர் தானாகவே ஒன்று குறைந்துவிடுகிறது. எஞ்சின் உறுமுகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,500-இலிருந்து 2,500-ஐத் தாண்டிப் போகிறது. சமமான சாலையில் அதே வேகத்தில் அதே அளவு பிரேக் பிடித்தால் இப்படி நடப்பதில்லை. வண்டியைக் காட்டிய இடத்தில் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். சந்தையில் பழகிய மற்றோர் ஓட்டுநரோ, இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டிவிட்டால் சத்தமும் இராது, டீசலும் மிச்சம் என்கிறார்.

இதை இப்போது கேட்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஜூன் விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவில் உள்ள ஈப்போவுக்குப் போகிறோம். என் மைத்துனர் அங்கே காய்கறி வணிகம் செய்கிறார். அவருடைய பிக்கப்பும் ஆட்டோ கியர் டீசல் வண்டிதான். கேமரன் மலைக்குப் போய் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது நீங்களே ஓட்டுங்கள் மாமா என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். முழுச் சுமையோடு அவ்வளவு நீண்ட மலைப்பாதையில் நான் இறங்கியதே இல்லை. கியர் தானாகக் குறைவது பழுதா, இயல்பா? இயல்பு என்றால், மலையில் எல்லாவற்றையும் ‘டி’ (டிரைவ்) நிலையிடமே விட்டுவிடலாமா, அல்லது நானே கியரைக் குறைக்க வேண்டுமா?

ஜூரோங்_ஓட்டுநர்:

கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால், கியரை நீங்களாகவே குறைத்து எஞ்சினைக் கொண்டு வண்டியைத் தடுக்கும் பழக்கம் வேண்டாம் என்பது என் கருத்து. பிரேக் பேட் தேய்ந்தால் சில நூறு வெள்ளியில் வேலை முடிந்துவிடும்; கியர்பாக்ஸ் போனால் அதைப்போல் பல மடங்கு செலவாகும். வண்டியை நிறுத்துவதற்காகவே பிரேக்கை வைத்திருக்கிறார்கள். மலிவான பாகம் தேயட்டும், விலை உயர்ந்த பாகம் பிழைக்கட்டும்.

காக்கிபுக்கிட்_மெக்கானிக்:

தம்பி, முதலில் உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது பழுதின் அடையாளம் அன்று. இப்படி நடக்கவேண்டும் என்றுதான் அந்த கியர்பாக்ஸை வடிவமைத்திருக்கிறார்கள். ஆர்பிஎம் ஒரே சீராக ஏறி நிற்கிறதா, கியர் மாறும்போது இடி விழுந்தாற்போல் வண்டி குலுங்குகிறதா, கியர் பிடிக்காமல் எஞ்சின் மட்டும் வெறுமனே சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சீராக ஏறி நின்றால் யாரிடமும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். குலுக்கலோ வழுக்கலோ இருந்தால் மட்டும், முதலில் கியர் ஆயிலின் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரிப்பது அதற்கெல்லாம் பிறகு.

இறக்கம் என்பது கியர்பாக்ஸுக்கு எப்படித் தெரிகிறது என்று பலர் கேட்பதுண்டு. அதைக் கட்டுப்படுத்தும் கணினியிடம், ஆக்சிலரேட்டரை நீங்கள் எவ்வளவு அழுத்தியிருக்கிறீர்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்ற செய்திகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த அளவு அழுத்தத்துக்குச் சமதளத்தில் வேகம் இவ்வளவுதான் மாற வேண்டும் என்ற கணக்கு அதனிடம் உண்டு. ஆக்சிலரேட்டரில் காலே இல்லாதபோதும் வேகம் குறையாமல் நின்றால், அல்லது கூடிக்கொண்டே போனால், வண்டி இறக்கத்தில் போகிறது என்று அது முடிவு செய்யும். அந்த நிலையில் நீங்கள் பிரேக்கையும் தொட்டால், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு ஒரு கியரைக் குறைத்துக் கொடுக்கும். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள், இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்சையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சக்கரத்தின் சுழற்சி நழுவாமல் எஞ்சின்வரை போய்ச் சேர்ந்தால்தான் எஞ்சினால் அதைத் தடுக்க முடியும். சமதளத்தில் இது ஏன் நடப்பதில்லை என்ற உங்கள் கேள்விக்கும் இதுவே விடை.

எல்லா வண்டியும் இப்படிச் செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. பழைய நான்கு கியர் ஆட்டோ வண்டிகளில் பல, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே, சுமை குறைந்துவிட்டது என்று நினைத்து மேல் கியருக்குத் தாவிவிடும். இறக்கத்தில் அது தலைகீழான வேலை. அவற்றில் ஓவர்டிரைவ் எனும் மேல் கியரை அணைக்கும் பொத்தானும், 3, 2, எல் (லோ) என்ற நிலைகளும் இருப்பது இதற்காகத்தான். இன்னொன்று: அந்தக் காலத்து கியர்பாக்ஸ் பலவற்றில் ‘டி’யில் இருக்கும்போது முதல் கியர் ஒருவழிக் கிளட்சின் மேல்தான் நிற்கும், எஞ்சின் சக்கரத்தைத் தள்ளலாம், ஆனால் சக்கரத்தால் எஞ்சினைத் திருப்பித் தள்ள முடியாது. ஆகவே முதல் கியரில் இருந்தும் எஞ்சினின் தடை கிடைக்காது. ‘எல்’லில் போட்டால்தான் கிடைக்கும். உங்கள் மைத்துனரின் வண்டி எந்தக் காலத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நியூட்ரல் யோசனையை மறந்துவிடுங்கள். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர்கள் டீசலையே நிறுத்திவிடும்; சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கு அதற்கு டீசல் ஊற்றியாக வேண்டும். மிச்சம் என்று சொல்பவர் செலவைத்தான் கூட்டுகிறார். அதோடு வண்டியைத் தடுக்க பிரேக்கைத் தவிர வேறெதுவும் இராது. பாதி மலையில் பயந்துபோய் மீண்டும் ‘டி’க்கு இழுத்தால் அந்த அடியைக் கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகள்தாம் வாங்கிக்கொள்ளும்.

ஜூரோங் நண்பர் கவலைப்படும் தேய்மானத்துக்கு வருகிறேன். ஆட்டோ கியர்பாக்ஸுக்குள் இருப்பவை ஆயிலில் மூழ்கியிருக்கும் பல தகட்டுக் கிளட்ச்கள். கியர் மாறும் அந்தக் கணநேரத்தில் மட்டுமே அவை உரசுகின்றன. பிடித்த பிறகு உரசல் இல்லை, எனவே சூடும் இல்லை. விரைவுச்சாலையில் முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் கியர் குறைகிறதே, அது எஞ்சினின் முழு விசையோடு நடக்கும் மாற்றம். இறக்கத்தில் நடப்பது அதைவிட மென்மையானது. கியர்பாக்ஸை உண்மையில் வருத்துவது இறக்கம் அன்று, சுமையோடு மெதுவாக ஊர்ந்து ஏறும் ஏற்றம்தான். அப்போது லாக்-அப் விடுபட்டு டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் கடைந்து கொதிக்கிறது. இறக்கத்தில் கியர்பாக்ஸைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஏற்றத்தில் அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

எண்களோடு_பேசுபவன்:

மெக்கானிக் அண்ணன் எந்திரத்தின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். ஜூரோங் நண்பரின் ‘மலிவான பாகம் தேயட்டும்’ என்ற வாதத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்; ஏனென்றால் மலையில் முதலில் கைவிடுவது பிரேக்கின் தடிமன் அன்று, அதன் வெப்பம் தாங்கும் ஆற்றல்.

சுமையோடு 2,800 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் 36 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. முன்சக்கர டிஸ்க் இரண்டும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மெகாஜூலும் அவற்றுக்குள்ளேயே இறங்கும்போது அவற்றின் வெப்பநிலை நூறு பாகைக்கு மேல் உயரும். சிங்கப்பூரில் இது யாருக்கும் தெரிவதில்லை. நம்முடைய மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான்; கெண்ட் ரிட்ஜிலும் மவுண்ட் ஃபேபரிலும் உள்ள சாலைகள் சூடு ஏறத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகின்றன, அடுத்த போக்குவரத்து விளக்கில் நிற்பதற்குள் பாதி ஆறியும் விடுகிறது. பிரேக் மட்டும் போதும் என்ற பாடத்தை இந்தத் தீவின் சாலைகள் நமக்குக் கற்றுக்கொடுத்துவிட்டன. இங்கே அது சரியான பாடமும்கூட.

கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊரோ ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து அடிவாரம் வரை அதே வண்டி இறங்கினால் வெளிப்படுவது 38 மெகாஜூலை ஒட்டிய ஆற்றல். மொத்தத்தைவிட, அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதுதான் முக்கியம். 7 விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது ஈர்ப்பு விசை தரும் திறன் 21 கிலோவாட். அதாவது இரண்டு கிலோவாட் மின்கெண்டிகள் பத்தை ஒன்றாகப் போட்டு, சரிவு முடியும்வரை அணைக்காமல் வைத்திருப்பதைப் போன்றது. இதில் ஐந்து கிலோவாட்டை ஒட்டிய பகுதியை டயரின் உருள்தடையும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மீதி 16 கிலோவாட்டை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கக்கூடியவர்கள் இருவர்தாம், பிரேக்கும் எஞ்சினும். எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு, ஓடும் நீர் உண்டு, காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் வழியும் உண்டு. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அது வாங்கிக்கொண்டே இருக்கும். பிரேக்குக்கோ போகிற போக்கில் அடிக்கும் காற்று மட்டுமே.

வேகத்தையும் பாருங்கள். இதே சரிவில் 40-ஐ 60 ஆக்கினால் ஈர்ப்பு தரும் திறன் 32 கிலோவாட்டாக உயர்ந்துவிடுகிறது. மெதுவாக இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது வளைவுக்காக மட்டும் அன்று.

பிரேக் இட்டு இட்டு விடவேண்டும், தொடர்ந்து அழுத்தக் கூடாது என்பார்கள். பழக்கமாகக் கடைப்பிடிக்க அது நல்லதுதான். 45-இலிருந்து 35-க்கு உறுதியாகப் பிடித்து விட்டுவிட்டால் வேகம் எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆனால் சராசரி வேகம் ஒன்றாகவே இருக்கும்போது, எப்படிப் பிடித்தாலும் பிரேக்குக்குள் போகும் மொத்த வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த உத்தியை மட்டும் நம்பி மேல் கியரில் இறங்குபவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறார். பிரேக்கின் பங்கு குறையவேண்டுமானால் எஞ்சினின் பங்கு கூடியாக வேண்டும்.

டீசல் வண்டிக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது; பலர் இதைக் கவனிப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வரும் வழி அடைபடுகிறது. மூடிய வழியில் காற்றை இழுக்கப் பிஸ்டன்கள் படும் பாடே பெரிய தடையாக மாறுகிறது. டீசல் எஞ்சினில் அந்த வழி பொதுவாகத் திறந்தே இருக்கும். முழுக் காற்றை இழுத்து அழுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அழுத்தப்பட்ட காற்று விரியும்போது பிஸ்டனைத் திரும்பத் தள்ளி, வாங்கியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சுவது உராய்வும், பம்புகளைச் சுற்றும் செலவும், சிலிண்டர் சுவரில் இழக்கும் வெப்பமும்தான். பெரிய லாரிகளில் புகைபோக்கியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பதும், அழுத்திய காற்று விரிவதற்கு முன்பே வால்வைத் திறந்து வெளியேற்றும் அமைப்பை வைப்பதும் இதனால்தான். நம் பக்கத்தில் ஓடும் சிறிய பிக்கப்புகளில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை. ஆகவே டீசல் பிக்கப்பில் தடை வேண்டுமென்றால் ஆர்பிஎம் உயரத்தான் வேண்டும். 1,500-இல் நிற்கும் எஞ்சின் பெயருக்குத்தான் தடுக்கிறது. உங்களுக்கு அச்சம் தந்த அந்த உறுமல் இல்லாவிட்டால், உங்களைத் தடுத்துக்கொண்டிருப்பது பிரேக் மட்டும்தான் என்று பொருள்.

தேக்கா_சரக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. கியர்பாக்ஸைப் பிரிக்கும் பேச்சை முதலாளியிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். மைத்துனரிடம் கேட்டேன், வண்டி ஆறு கியர் கொண்டது, ‘டி’க்குப் பக்கத்தில் ‘எஸ்’ என்ற நிலை இருக்கிறது, அதில் கூட்டல், கழித்தல் குறிகளும் உள்ளன என்றார். அவர் எப்போதும் ‘டி’யிலேயே இறங்குகிறாராம், இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்கிறார். அப்படியிருக்க நான் ஏன் கைவைக்க வேண்டும் என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. கைவைப்பதாக இருந்தால் எந்தக் கியரில் இறங்க வேண்டும், எத்தனை ஆர்பிஎம் வரை போகலாம்? மலையிலிருந்து இறங்க சிம்பாங் பூலாய் வழி, தாப்பா வழி என்று இரண்டு இருக்கின்றனவே, எது நல்லது?

ஈப்போ_மகள்:

நான் ஈப்போவில் பிறந்து, திருமணமாகி ஈசூனில் இருப்பவள். அப்பாவின் வண்டியில் இந்த இரண்டு வழிகளிலும் ஏறி இறங்கி வளர்ந்ததால் சாலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஈப்போவுக்குத் திரும்புவதானால் உங்கள் மைத்துனர் சிம்பாங் பூலாய் வழியைத்தான் சொல்வார். தாப்பா வழி பழையது, குறுகலானது, முடிவே இல்லாமல் வளைந்துகொண்டிருப்பது. எதிரே பேருந்து வந்தால் மனம் பதைக்கும். பார்ப்பவர்களுக்கு அதுதான் ஆபத்தான சாலையாகத் தெரியும். ஆனால் அந்த வளைவுகளே உங்களை வேகமெடுக்க விடுவதில்லை. சிம்பாங் பூலாய் வழி அகலமானது, பார்வைக்கு எட்டும் தூரம் அதிகம், வளைவுகளும் பெரியவை. அதனாலேயே வண்டி சத்தமில்லாமல் வேகமெடுத்துவிடும். 50-இல் இறங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது முள் 80-ஐக் காட்டும். சுமையேற்றிய வண்டியை ஓட்டிப் பழகாதவர்கள் இந்தச் சாலையில்தான் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன்.

பின்னால் காய்கறி லாரிகள் நெருக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள்; ஒதுங்க இடம் கிடைக்கும்போது ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள். மழை பெய்தால், பிற்பகலில் பெரும்பாலும் பெய்யும், மேல்பகுதியில் மூடுபனியும் இறங்கிவிடும். காலையிலேயே சுமையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது.

இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்று மைத்துனர் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பேருந்து வேறு, பிக்கப் வேறு என்பது தெரியும். ஆயினும் மலை இறக்கத்தில் நேற்றுவரை எதுவும் ஆகவில்லை என்பதை நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஜூரோங்_ஓட்டுநர்:

எண்களைப் பார்த்தேன். 1,400 மீட்டர் இறக்கத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தும், அங்கே கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கே நம் ஊரில், பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவிலும் மேம்பாலத்திலும் கழித்தல் குறியைத் தட்டிக்கொண்டே ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் என்ன பயன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இங்கே ‘டி’ போதும், பிரேக் போதும்.

என்னுடைய ஐயம் வேறு. பின்பக்கம் காலியாக இருக்கும் பிக்கப்பில், ஈரமான வளைவில் கியர் சட்டென்று குறைந்தால் பின்சக்கரம் வழுக்காதா? எஞ்சினின் தடை பின்சக்கரங்களுக்கு மட்டும்தானே போகிறது?

காக்கிபுக்கிட்_மெக்கானிக்:

நல்ல கேள்வி. வழுக்கும் வாய்ப்பு உண்டு. காலிப் பிக்கப்பின் பின்பக்கம் எடையே இல்லாதது. பிரேக் பிடிக்கும்போதோ இறக்கத்தில் போகும்போதோ இருக்கிற எடையும் முன்பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் இரண்டு கியரை ஒன்றாகக் குறைத்தால், ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் கணநேரம் பிடிப்பை இழக்கலாம். வளைவின் நடுவில் அப்படி நடந்தால் பின்பக்கம் வெளியே போகும். அதனால்தான் கியரை வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே, ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்கிறோம். சுமை ஏற்றிய வண்டியில் இந்தப் பயம் குறைவு. ஈரத்துக்குப் பயந்து நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்றால், தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் அமைப்புள்ள பிக்கப்புகளில் தார்ச்சாலையில் அதைப் போடக் கூடாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடுவதால் உள்ளே இறுகிக்கொள்ளும்.

தம்பி, ‘டி’ இருக்கும்போது நான் ஏன் கைவைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். ‘டி’யில் இருக்கும் கணினிக்கு நடந்து முடிந்ததுதான் தெரியும். வேகம் கூடிய பிறகுதான் இறக்கம் என்று அறியும். நீங்கள் பிரேக்கைத் தொட்ட பிறகுதான் ஒரு கியரைக் குறைக்கும். இடையில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுவிட்டால் இறக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து மீண்டும் மேல் கியருக்குப் போய்விடலாம். பின்பக்கத்தில் எண்ணூறு கிலோ முட்டைக்கோஸ் இருப்பதும், அடுத்த வளைவுக்கு அப்பால் இன்னும் பத்து கிலோமீட்டர் சரிவு இருப்பதும் அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆகையால் சரிவு தொடங்குவதற்கு முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே, கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேகம் கூடிய பிறகு குறைக்கப் பார்த்தால், ஆர்பிஎம் மானியில் எஞ்சினின் உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக்கோட்டைத் தாண்டிவிடும் என்று கணினி மறுத்துவிடும். அப்போது மறுபடியும் பிரேக் ஒன்றுதான் கதி.

எந்தக் கியர் என்று எண்ணாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது சரிவையும் சுமையையும் பொறுத்தது. ஆக்சிலரேட்டரிலும் பிரேக்கிலும் காலே இல்லாமல் சில நொடிகள் விட்டுப் பாருங்கள். வேகம் ஏறக்குறைய அப்படியே நின்றால் அது சரியான கியர். விடாமல் ஏறிக்கொண்டே போனால் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு இன்னொன்று குறையுங்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்து எஞ்சினுக்கு அது பொருந்தியது. இன்றைய டர்போ டீசல் நான்காவது கியரில்கூட அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும். அதே நான்காவது கியரில் இறங்கினால் தடை போதாது. எனவே ஏறிய கியரைவிட ஒன்று குறைவாக வைத்துத் தொடங்குங்கள். ஆர்பிஎம் 3,000-ஐ ஒட்டி நெடுநேரம் நின்றாலும் கெடுதல் இல்லை. சிவப்புக்கோட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். எரிபொருளே எரியாமல் சுற்றும் எஞ்சினுக்கு அந்தச் சத்தம் ஒரு சுமையே அன்று.

‘எஸ்’ நிலையைப் பற்றி ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில வண்டிகளில், டொயோட்டா பிக்கப் சிலவற்றிலும்கூட, ‘எஸ்’ஸில் 4 என்று காட்டினால் வண்டி நான்காவது கியரில் நிற்கிறது என்று பொருளன்று, நான்குக்கு மேல் போகாது என்றுதான் பொருள். ஒன்று முதல் நான்கு வரை எதையும் அதுவே தேர்ந்துகொள்ளும். வேறு சில வண்டிகளில் காட்டும் எண்ணிலேயே பிடித்து வைத்திருக்கும். மைத்துனரின் வண்டி எந்த வகை என்பதை ஈப்போவில் சமதளச் சாலையிலேயே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மலையில் வைத்துப் பாடம் படிக்க வேண்டாம்.

இறக்கத்துக்கான தனிப் பொத்தான் ஒன்று அந்த வண்டியில் இருக்கலாம். சரிவில் வண்டி இறங்கும் படம் அதில் போட்டிருக்கும். அது செங்குத்தான மண்பாதையில் மிக மெதுவாக இறங்குவதற்கு உரியது. அது பிரேக்கைத்தான் தானாகப் பிடித்துப் பிடித்து விடுகிறது. நீண்ட தார்ச்சாலை இறக்கத்தில் அதை நம்பினால் நாம் தவிர்க்க நினைத்த சூட்டை அதுவே உண்டாக்கும்.

கிளம்புவதற்கு முன் பிரேக் ஆயிலை எப்போது மாற்றினார் என்று மைத்துனரிடம் கட்டாயம் கேளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட் 3 தர பிரேக் ஆயில் 205 பாகைக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230-உம் 155-உம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம், ஈப்போவும் அதே புழுக்கம்தான்.

வழியில் கருகிய வாடை வந்தாலோ, பெடலை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தாலோ, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று தொடராமல் அகலமான சமதள ஓரத்தில் நிறுத்திவிடுங்கள். ‘பி’யில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பின்பக்க டிரம் பிரேக் கொதித்துக்கொண்டிருக்கும்போது கைப்பிரேக்கை இறுக்கி வைக்க வேண்டாம். டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும், விரிசல் விடவும் கூடும். காற்றே ஆற்றட்டும். கையை அருகில் கொண்டுபோனால் அனல் அடிக்காத அளவுக்கு ஆறிய பிறகு, முன்பு இருந்ததைவிட ஒரு கியர் குறைவாக வைத்துக் கிளம்புங்கள்.